எதிரியின் பெயர்

ஐந்தரை ஆண்டுகளில் கொளஞ்சியப்பன் தம் மனைவிக்கு ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. காலை ஏழரைக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று. கோயிலில் கால பூசைக்கு மணி பிந்தினாலும் பிந்தும். அவர் கை பிந்தியதில்லை. தம் வாழ்நாளில் தாம் பழுதறச் செய்த காரியம் எது என்று எவரேனும் கேட்டிருந்தால், சற்றும் தயங்காமல் இதைத்தான் சொல்லியிருப்பார்.

நெல்லிக்குப்பத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தவர் அவர். கரும்புச் சாற்றைக் கண்ணாடிக் குழாயில் ஏந்தி, அதன் இனிப்பு எத்தனை பாயிண்ட் என்று அளந்து பேரேட்டில் குறிப்பது தொழில். அளக்கும் முறையை அச்சிட்டு, லேமினேஷன் செய்து, சுவரில் மாட்டியிருப்பார்கள். தாளில் உள்ளதைச் செய்ய வேண்டும். தாளில் இல்லாததைச் செய்யலாகாது. புதிய தாள் வரும்வரை பழைய தாளே சட்டம். அந்த ஒழுங்கோடு ஓய்வு பெற்றுக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஓட்டு வீடொன்றில் குடியமர்ந்தார். வீட்டில் அளப்பதற்குச் சாறு இல்லை. மனைவி இருசம்மாள் இருந்தாள்.

இருசம்மாளுக்கு இரண்டு வரங்கள் வாய்த்திருந்தன. ஒன்று குரல். மார்கழி வைகறைகளில் பாடலீசுவரர் சன்னதியில் அவள் பதிகம் எடுத்தால், விளக்கேற்ற வந்தவர்கள் திரியை மறந்து நிற்பார்கள். மற்றொன்று நாக்கு. அந்த நாக்கின் முதல் இரை அவள் கணவர்.

"ரசத்துல உப்பு எத்தினி பாயிண்டுன்னு அளந்து சொல்லுங்க, அப்புறம் சாப்புடலாம்" என்பாள், அவர் முதல் வாயை நிதானமாகச் சுவைக்கும்போது. சொல்லிவிட்டுப் புருவத்தை ஒருபுறமாக உயர்த்துவாள். உதடு சிரிக்காது; புருவம் சிரிக்கும். அந்தப் புருவத்துக்காகவே அவர் முப்பது வருடமாக ரசத்தை நிதானமாகச் சுவைத்து வந்தார்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆனியில், கோயிற் பிரகாரத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த சுப்பிரமணியன் என்னும் முதிய மருத்துவர் காதையும் கண்ணையும் பார்த்து, காலையும் இரவும் ஒவ்வொன்றாகச் சிறிய வெள்ளை மாத்திரையொன்று எழுதினார். சீட்டின் அடியில், பதினைந்து நாள் கழித்து வந்து காட்டுமாறு குறித்தார். மூன்றாம் நாளே சுற்றல் நின்றது. பதினைந்தாம் நாள் அவர்கள் போனபோது கிளினிக் பூட்டியிருந்தது. மருத்துவர் மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போயிருப்பதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்துத் திரும்பியவர், வயதைக் காரணம் காட்டித் தொழிலையே விட்டுவிட்டார்.

கொளஞ்சியப்பன் யோசித்தார். மாத்திரையைக் கொடு என்று தாளில் இருக்கிறது. நிறுத்து என்று எந்தத் தாளும் வரவில்லை. சீட்டு மடிப்பில் கிழியத் தொடங்கியபோது, கடைத்தெருவுக்கு எடுத்துப்போய் லேமினேஷன் செய்து வந்து, சாமி அலமாரிக் கதவின் உட்புறத்தில் மாட்டினார். மாதப் பிறப்பன்று அதைக் கழற்றிக்கொண்டு சிங்காரத்தின் மருந்துக் கடைக்குப் போவார்.

"அந்தப் பலகைய ஏன் மாமா தூக்கிகினு வர்றீங்க? உங்க சீட்டு நமக்கு மனப்பாடம்" என்பான் சிங்காரம், அட்டைகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டே.

"மனப்பாடம் தப்பும்ப்பா. தாள் தப்பாது" என்பார் இவர்.

இரண்டாண்டு கழிந்தது. முதலில் குரல் மெலிந்தது. சன்னதியில் முன்வரிசையில் இருப்பவர்க்கு மட்டுமே கேட்டது. பிறகு அவர்களுக்கும் கேட்கவில்லை. அடுத்து நடை சுருங்கியது. அடியெடுத்து வைப்பதற்கு மாறாக அடியைத் தரையோடு இழுத்தாள். கடிதம் எழுதினால் முதல் வரி கடுகாகவும் கடைசி வரி எறும்புக் காலாகவும் இருந்தது. மடியில் கிடந்த விரல்கள், எவரும் மீட்டாத வீணையின் தந்திகள்போலத் தாமே அதிர்ந்தன.

எல்லாவற்றினும் கொடிது முகம். கல்லில் வடித்த அம்மன் முகத்தில்கூட விளக்கொளி அசைந்தால் ஓர் உயிர்ப்புத் தோன்றும்; இருசம்மாள் முகத்தில் அதுவும் தோன்றவில்லை. இமை கொட்டுவதுகூட அரிதாயிற்று. ரசத்தின் உப்பைப் பற்றி எவரும் கேட்காத வீட்டில் கொளஞ்சியப்பன் சோற்றை வேகமாக விழுங்கப் பழகினார்.

"இருசக்காவுக்குக் கர்வம் வந்துட்டுது, சிரிச்சாக்கூட சிரிக்க மாட்டேங்குது" என்று கோயிலில் பெண்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

இரண்டாயிரத்துப் பத்தில் கடலூரிலேயே ஒரு நரம்பு மருத்துவரிடம் காட்டினார். நோய்க்கு நடுக்குவாதம் என்று பெயர் சொன்னார் அவர். மூளையில் சில அணுக்கள் தாமே மடிந்துபோகும், மீட்க வழியில்லை, மெல்ல மெல்ல வளரும் என்றார். எழுதத் தொடங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த நடுக்கத்துக்கு வேற எதாவது மாத்திரை சாப்புடுறாங்களா?"

"இந்த நடுக்கத்துக்கு இல்லீங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் விடை சொல்வது ஆய்வுக்கூடப் பழக்கம். தலைச்சுற்றல் மாத்திரை தலைச்சுற்றலுக்கானது. அது வேறு தாள்.

புதிய மாத்திரைகளும் சேர்ந்தன. பலன் பெரிதாக இல்லை. அடுத்த ஆண்டுக் கார்த்திகையின் முற்பகுதியில், மனிதர் கையில் இனி ஒன்றுமில்லை என்று தேறி, கொளஞ்சியப்பன் விருத்தாசலம் போனார்.

அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது அந்தச் சீமையின் வழக்கம். தாயும் தந்தையும் அங்கே வேண்டிப் பெற்றதால்தான் இவருக்கே அந்தப் பெயர். குறை உள்ளவர் கோர்ட்டில் மனு எழுதுவதுபோல ஊர், பேர், தகப்பன் பேர், கோயிலிலிருந்து வீடு இத்தனை கிலோமீட்டர் என்பது முதல் எல்லாம் வெள்ளைத்தாளில் எழுதி, முருகன் திருவடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாதத்துக்குள் விசாரணை நடந்து தீர்ப்பாகிவிடும் என்பது நம்பிக்கை. தீர்ப்பான பின் மறுபடி போய், பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர்.

கொளஞ்சியப்பன் கோடு போட்ட தாளில் திருத்தமாக எழுதினார்: "என் மனைவி இருசம்மாள் எவருக்கும் தீங்கு நினையாதவள். அவள் குரலையும் நடையையும் முகத்தையும் அபகரித்த எதிரி யாராயினும், செய்வினையாயினும் கண்ணேறாயினும் கிரகமாயினும், பெயர் அறியேன். ஐயன் விசாரித்து, எதிரிக்குத் தண்டனையும் என் மனைவிக்கு அவள் முகத்தையும் அளிக்க வேண்டுகிறேன்."

எதிரியின் பெயர் என்ற இடத்தில், 'தெரியவில்லை' என்று எழுதினார்.

முப்பத்தைந்து நாள் கழித்து, டிசம்பர் முப்பதாம் நாள் விடியலில், 'தானே' என்னும் புயல் கரையேறியது. கடலூர்க்காரர் கண்ட காற்று பல உண்டு. இப்படியொரு காற்றை அவர்கள் கண்டதில்லை. வீட்டுக் கூரையின் ஓடுகள் சீட்டுக்கட்டு பிரிந்ததுபோலப் பறந்தன. சாமி அலமாரி சாய்ந்து விழுந்தது. அதன்மேல் வேப்பமரக் கிளையொன்று கூரையோடு வந்து படுத்தது. மாத்திரை டப்பா நசுங்கி, உள்ளிருந்த அட்டைகள் மழைநீரில் கரைந்து மாவாயின. இருசம்மாளை நாற்காலியோடு தூக்கி உள்ளறையில் வைத்துத் தம் உடம்பால் மறைத்து நின்ற கொளஞ்சியப்பனுக்கு, அன்று இரண்டு வேளையும் மாத்திரை கொடுக்கவில்லை என்பது மறுநாள் காலைதான் நினைவுக்கு வந்தது. ஐந்தரை ஆண்டில் முதல் தவறு.

புத்தாண்டு நாளில், சாய்ந்த மரங்களை வெட்டி விலக்கிய வழியே, மகள் ரேகா சிதம்பரத்திலிருந்து வண்டி பிடித்து வந்து இருவரையும் அழைத்துப் போனாள். அவள் வீடு கீழவீதிக்குப் பின்னால். ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். நரம்பு மருத்துவரின் குறிப்புகளுக்கு நகல் எடுத்து வைத்திருந்ததால் அந்த மாத்திரைகளை உடனே வாங்கிவிட்டாள். தலைச்சுற்றல் மாத்திரைக்கு நகல் இல்லை. கொளஞ்சியப்பன் மாத்திரையின் பெயரைச் சொல்லி இரண்டு கடைகளில் கேட்டார். புயலால் சரக்கு வரவில்லை என்றார்கள் ஒரு கடையில். சீட்டில்லாமல் தரமாட்டோம் என்றார்கள் மற்றதில். பின்னது நியாயமாகவே அவருக்குப் பட்டது. தலைச்சுற்றல் வருகிறதா என்று பத்து நாள் அஞ்சி அஞ்சிப் பார்த்தார். வரவில்லை. ஊருக்குப் போனதும் சீட்டைத் தேடியெடுத்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

தைப்பூசம் கழிந்த மறுவாரம். ரேகா வைத்த ரசத்தை அவர் முதல் வாய் உறிஞ்சினார்.

"உப்பு எத்தினி பாயிண்டு?"

குரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. ரேகா கரண்டியோடு அடுக்களை வாயிலில் அப்படியே நின்றாள். எதிரே இருசம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் இடப்புருவம் உயர்ந்திருந்தது. முழுதும் இல்லை, ஒரு நூல் அளவு.

"அம்மா, நீயா கேட்ட?"

"பின்ன, பக்கத்து வூட்டுக்காரியா வந்து கேப்பா?" என்றாள் இருசம்மாள்.

அன்று முதல் நாளுக்கு நாள் தெளிந்தது. கால் தரையை விட்டு எழுந்தது. மாசி மகா சிவராத்திரியன்று ரேகாவின் தோளைப் பற்றிக்கொண்டு அவள் கோயிலுக்கு நடந்தே போனாள். தூக்கிய திருவடியைத் தாழ்த்தாமல் காலமெல்லாம் ஆடும் பெருமான் முன்னே, அசைவை மறந்திருந்த அந்த உடம்பு நின்றது. பதிகத்தின் முதல் பாட்டை எடுத்தாள். பழைய குரல் இல்லை. விரிசல் விட்ட மணியின் ஒலி. ஆனாலும் நான்கு பாட்டு, நிறுத்தாமல். கொளஞ்சியப்பன் சன்னதியைப் பார்க்கவில்லை. பாடுகிறவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இறைவனை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்ததற்காக அவருக்கு வெட்கமும் உண்டாகவில்லை.

மூன்று மாதம் நிறையச் சில நாட்களே இருந்தன. ஐயன் கெடுவுக்குள் தீர்ப்பளித்துவிட்டார் என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை. மறுநாளே விருத்தாசலம் போய், குறை தீர்ந்ததென்று எழுதிக் கையெழுத்திட்டு ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தார்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் கடலூர் வீட்டின் கூரை செப்பனிடப்பட்டது. திரும்பிய அன்றே சாமி அலமாரியை நிமிர்த்தினார். படங்கள் ஊறிப்போயிருந்தன. கணக்குப் புத்தகங்கள் கூழாகியிருந்தன. லேமினேஷன் செய்த சீட்டு மட்டும் ஒரு துளி நீர் ஏறாமல், எழுதிய நாளின் மசியோடு பளிச்சென்றிருந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இத்தினி அடிச்சும் இதுக்கு ஒண்ணும் ஆவல பாரு இருசு" என்றார்.

"உங்கள மாதிரியே கெட்டியா இருக்குது" என்றாள் அவள்.

சிங்காரம் கடையைத் திறந்திருந்தான். "ரெண்டு மாசமா காணுமேன்னு பாத்தேன் மாமா" என்று இரண்டு அட்டை கூடுதலாகவே கொடுத்தான். தேறி வருகிறவளுக்குத் தலைச்சுற்றல் திரும்பி வந்து காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று, மார்ச் பதினொன்று ஞாயிறு காலை ஏழரை மணிக்குக் கொளஞ்சியப்பன் முதல் மாத்திரையைக் கொடுத்தார். அதன்பின் ஒரு வேளையும் தவறவில்லை.

சித்திரையில் புருவம் நின்றது. வைகாசியில் கால் மீண்டும் தரையை இழுத்தது. குரல் உள்ளே போயிற்று. ஒரு நாள் காலை, ரசத்தை அவர் வேண்டுமென்றே மூன்று முறை நிதானமாகச் சுவைத்துக் காட்டினார். இருசம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் மிச்சத்தைக் குடிக்காமலே கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

ராஜினாமாவை அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டோமோ என்று அஞ்சினார். ஐயன் பிடியில் இருந்த எதிரி, வழக்கை இவர் திரும்பப் பெற்றதும் விடுபட்டு வந்துவிட்டானோ என்று இரவும் பகலும் அதிலேயே உழன்றார்.

ரேகா காத்திருக்கவில்லை. சிதம்பரத்தில் ஞானசேகரன் என்னும் நரம்பு மருத்துவரிடம் நாள் வாங்கினாள். வாயில் போடுவது எதுவாயினும், ஓமத் திரவம் முதற்கொண்டு, ஒன்று விடாமல் எடுத்து வரச் சொல்லியிருந்தார் அவர். ஜூன் நான்காம் நாள், ரேகா துணிப்பையை அவர் மேசைமேல் கவிழ்த்தாள். சீட்டுப் பலகையும் அட்டைகளோடு வந்து விழுந்தது.

மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கினார். இரத்த அழுத்தத்துக்கு, சரி. நடுக்கத்துக்கு, சரி. சுண்ணாம்புச் சத்து, சரி. சிறிய வெள்ளை மாத்திரை அட்டையில் அவர் கை நின்றது.

"இது யாருக்கு?"

"அவளுக்குத்தான் சார். தலைசுத்தலுக்கு. அது வேற."

"எத்தினி நாளா?"

"ரெண்டாயிரத்து ஆறு ஆனியிலேருந்து. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

மருத்துவர் அட்டையை இருசம்மாள் இருந்த பக்கத்திலிருந்து விலக்கி, மேசையின் மறுகோடியில், தம் கைக்குக் கீழே வைத்துக்கொண்டார். குழந்தைக்கு எட்டாமல் அரிவாள்மணையை நகர்த்துகிற பாங்கு அது. கொளஞ்சியப்பன் அதைக் கவனித்தார்.

"நடுவுல எப்பவாவது நிறுத்துனீங்களாய்யா?"

"புயல்ல நின்னுபோச்சு சார். டிசம்பர் முப்பது காலையிலேருந்து மார்ச் பத்து வரைக்கும் குடுக்க முடியல. பதினொண்ணாந்தேதி காலையில திரும்ப ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம் ஒரு வேளகூட நான்..."

அங்கே அவர் பேச்சு நின்றது.

மருத்துவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாற்றில் புளிப்பு ஏறினால் காரணம் எது என்று காண ஆலையில் ஒரு வழி உண்டு. சந்தேகப்பட்ட சரக்கை நிறுத்து. புளிப்புக் குறைகிறதா பார். மீண்டும் சேர், ஏறுகிறதா பார். இரண்டும் ஒத்தால் அதுவே காரணம். முப்பத்தோராண்டு அதைச் செய்தவர், பிறர்க்குக் கற்றுக் கொடுத்தவர் அவர். டிசம்பரில் நின்றது, மாசியில் பாடினாள். மார்ச்சில் சேர்த்தது, வைகாசியில் கல்லானாள். தேதி பிசகாத அந்தக் கணக்கை அவரே வாயால் சொல்லியாயிற்று. அறை அப்படியே இருந்தது, விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் தாம் அமர்ந்திருந்த நாற்காலியின் கீழ்த் தரை இல்லை என்று அவருக்குத் தோன்றியது. இரு கையாலும் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"மூளையில டோபமின்னு ஒரு சரக்கு இருக்கு" என்றார் ஞானசேகரன், குரலைத் தாழ்த்தி. "உடம்பு அசையணும்னா அது போய்ச் சேரணும். இந்த வகை மாத்திரை அது போற வாசல அடைக்கும். பத்துப் பதினஞ்சு நாளுன்னா பெரும்பாலும் ஒண்ணும் ஆவாது. வயசானவங்க வருஷக்கணக்குல சாப்புட்டா, சில பேருக்கு நடுக்குவாதம் மாதிரியே வந்துடும்."

"மாதிரின்னா? அப்ப அம்மாவுக்கு அந்த நோயே இல்லியா?" என்றாள் ரேகா.

"அத இன்னிக்கு என்னால சொல்ல முடியாதும்மா. மாத்திரையால மட்டும் வந்துதுன்னா, நிறுத்துனா ஆறு மாசம், ஒரு வருஷத்துல போயிடும். உள்ள நோய் தானாவே மெதுவா ஆரம்பிச்சிருந்து, மாத்திரை அத முன்னாடியே வெளிய இழுத்துட்டு வந்திருந்தா, கொஞ்சம் குறையும், முழுசா போவாது. ரெண்டும் பாக்கறதுக்கு ஒண்ணுபோலத்தான் இருக்கும். நிறுத்திட்டுப் பொறுத்துத்தான் பாக்கணும்."

"அந்த சிங்காரம் ஒரு தடவ கேட்டானா? ஆறு வருஷமா அட்டை அட்டையா குடுத்தானே. அந்தக் கெழட்டு டாக்டரு..."

"அவரு பதினஞ்சு நாள்னு எழுதியிருக்காரும்மா" என்று ஞானசேகரன் சீட்டைத் திருப்பிக் காட்டினார்.

அந்த வரியைக் கொளஞ்சியப்பன் ஒவ்வொரு மாதமும் படித்திருக்கிறார். வந்து காட்டச் சொல்லியிருக்கிறது, போனோம், அவர் இல்லை, ஆகவே அந்த வரி தீர்ந்தது என்று வைத்துக்கொண்டார். அது மருந்துக்கு இட்ட எல்லை என்று ஒரு நாளும் படவில்லை. சிங்காரத்தை ஏசுவதற்கு ரேகாவுக்கு வாய் இருந்தது. அவருக்கு இல்லை.

அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். வெறுப்போ, அருவருப்போ, அழுகையோ, ஏதேனும் ஒன்றை அந்த முகத்தில் தேடினார். ஒன்றும் இல்லை. இமையும் அசையவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள், கேட்டது தெரிந்தது, என்ன நினைக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. தம்மைக் குற்றவாளி என்று சொல்லக்கூடிய ஒரே முகத்தைத் தம் கையாலேயே, வேளைக்கு ஒன்றாக, அழித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுமையாக உறைத்தது.

அன்று பிற்பகல் ரேகா வீட்டில் ஒரு மூலையில் அவர் உட்கார்ந்தார். பிராதில் தாம் எழுதிய வாசகம் ஒவ்வொரு எழுத்தாக நினைவில் ஓடியது. எதிரி யாராயினும் விசாரித்துத் தண்டனை தர வேண்டும் என்று கேட்டிருந்தார். ஐயன் விசாரித்தார். எதிரியின் வீட்டுக்கே காற்றை அனுப்பினார், கூரையைப் பிய்த்தார், மாத்திரையைக் கரைத்தார், மரக்கிளையைச் சீட்டின்மேல் போட்டு மூடினார். இதைவிடத் தெளிவாக ஒரு தீர்ப்பை எந்தத் தெய்வம் எழுதும்? அந்தத் தீர்ப்பைப் படிக்கத் தெரியாமல், நன்றி சொல்லி வழக்கைத் திரும்பப் பெற்று, கிளையை விலக்கிச் சீட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் அவர்.

வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். ஊர், பேர், கிலோமீட்டர் எழுதினார். எதிரி என்ற இடத்தில் தம் பெயரையும் தம் தந்தை பெயரையும் எழுதினார்.

"இன்னா எழுதுறீங்க?"

இருசம்மாளின் குரல் காற்றில் உதிர்ந்த சருகுபோல வந்தது. அவர் மறைக்கவில்லை, எழுதியதை வரி விடாமல் படித்துக் காட்டினார். முடித்ததும் தலை நிமிரவில்லை.

சொல் அவள் வாய்க்கு வந்து சேர இப்போதெல்லாம் வெகுநேரம் ஆகும்.

"அடிபட்டது யாரு?" என்றாள்.

"நீதான்."

"அப்ப பிராது குடுக்க நீங்க யாரு? கிழிங்க அத. கை தேறட்டும். நானே எழுதிக்கிறேன்."

அவர் கிழித்தார்.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் மாத்திரை வேளை என்பது மாறி, எழுத்து வேளை வந்தது. ஞாயிறுதோறும் காலை ஏழரைக்கு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவள்முன் வைப்பார். அவள் தன் பெயரை எழுதுவாள். எழுத்தின் உயரத்தைத் தம் பழைய எஃகு அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்வார். ஆடியில் ஒரு மில்லிமீட்டர். ஆவணி முழுதும் அதே. புரட்டாசியில் ஒரு ஞாயிறு இரண்டு; அடுத்த ஞாயிறு மீண்டும் ஒன்றரை. அன்று முழுதும் அவர் சாப்பிடவில்லை. தம் பேரில் எழுதப்படப் போகும் குற்றப்பத்திரிகைக்காக இப்படித் தவங்கிடந்த எதிரி, அந்த வேலில் கட்டிய எந்தப் பிராதிலும் இருந்திருக்க மாட்டான். அவள் அதை எழுதி முடிக்கும் நாள்தான் அவள் மீளும் நாள். எழுதவே முடியாமல் போனால், தண்டனை அதுதான்.

ஞானசேகரன் ஒன்றுவிட்டு ஒரு மாதம் பார்த்தார். நம்பிக்கை தருவதுமில்லை, கெடுப்பதுமில்லை. "வலது பக்கம் நல்லா விட்டுக் குடுத்திருக்கு. இடது கை நடுக்கந்தான் எனக்கு யோசனையா இருக்கு" என்றார் ஐப்பசியில்.

டிசம்பர் பிறந்தது. மாத்திரை நின்று ஆறு மாதம். மார்கழிக்கு இரண்டு வாரம் இருந்தது. கடலூர் வீட்டில், மாதத்தின் முதல் ஞாயிறு காலை, இருசம்மாள் தன் பெயரோடு நிற்கவில்லை. இடக்கையைத் தாளின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு வலக்கையால் தொடர்ந்து எழுதினாள். இடக்கை விரல்கள் தாளோடு சேர்ந்து படபடத்தன. கொளஞ்சியப்பன் அளவுகோலைக் கையில் பிடித்தபடி அருகில் நின்றார்.

"ஐயன் கொளஞ்சியப்பர் திருவடிக்கு" என்று முதல் வரி. நான்கு மில்லிமீட்டர் இருக்கும், அளக்காமலே தெரிந்தது. "கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் இருசம்மாள் ஆகிய நான் எழுதிக்கொண்ட பிராது" என்று அடுத்தது. அந்த வரியின் முடிவில் எழுத்துகள் சுருங்கத் தொடங்கின. மூன்றாம் வரியில் "எதிரி" என்று எழுதி நிறுத்தினாள்.

"பேரு?" என்றார் அவர். "எழுது இருசு. நான் பாத்துகினுதான் இருக்கேன்."

அவள் பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தாள்.

"கை நோவுது. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள். பிறகு அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பினாள். "ரசம் ஆறிப்போவுது. உப்பு எத்தினி பாயிண்டுன்னு பாத்துச் சொல்லுங்க போங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இடப்புருவம் உயர்ந்திருந்தது, வலப்புருவம் அப்படியே இருந்தது. இடக்கை மடியில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அளவுகோலைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ரசத்தை எடுத்து வர அவர் உள்ளே போனார்.